வெளுத்ததெல்லாம் ஒரே கொக்கு இல்லை

கேள்வி இதுதான்: பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் தஞ்சாவூர் பக்கம் பறவை பார்க்க வருகிறீர்கள், கையில் 70-300 லென்ஸ் போட்ட சாதாரண கேமரா. போன வருடமும் வந்து 1,100 படம் எடுத்தீர்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் வெள்ளைப் பறவையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கிடக்கிறது, எது எந்தக் கொக்கு என்று பிரிக்க முடியவில்லை. மூன்று படத்தை அனுப்பி, இவை என்ன, இந்த முறை எப்படி எடுப்பது, பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசில் பாதிகூட வேண்டாம், 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். உங்கள் படங்களைப் பார்த்தால் தூரம் பிரச்சினையாகத் தெரியவில்லை. பறவை தெரிந்த உடனே கேமராவைத் தூக்கியிருக்கிறீர்கள், பறவையைப் பார்க்கவே இல்லை. நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன், இருபது வருடமாக இந்த வரப்புகளில் சுற்றுகிறேன், முதல் ஐந்து வருடம் நானும் இதையேதான் செய்தேன். வீட்டில் உட்கார்ந்து படத்தை வைத்துப் பேர் கண்டுபிடிக்கலாம் என்றிருந்தால், படத்தில் விழாததெல்லாம் போய்விடும்: கால் நிறம், நடந்த விதம், போட்ட சத்தம், கூட யார் இருந்தார்கள் என்பது எல்லாம்.

முதலில் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், டெல்டாவில் பறவைக்கும் அதுதான் பஞ்சாங்கம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சேர்ந்துகொள்ளும். அதனால் நீங்கள் வரும் தை முதல் வாரத்தில் ஏரிகளில் தண்ணீர் இருக்கும், சம்பா அறுப்பு தொடங்கியிருக்கும், தாளடி இன்னும் பச்சையாக நிற்கும். வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் (சேற்றோரம் மேயும் சின்னப் பறவைகள்) முழுசாக இருக்கிற நேரம். முதல் நாள் நீங்கள் போகப்போகும் வடுவூர் ஏரியையே மே மாதத்தில் வந்து பார்த்தவர்கள் ‘இதுக்கா ராம்சார் பட்டியலில் இடம்’ என்று கேட்பார்கள். (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. 2022இல் சேர்த்தார்கள், நீங்கள் இரண்டாம் நாள் போகும் உதயமார்த்தாண்டபுரமும் அதே வருடம்தான்.)

சரி, கொக்குக்கு வருவோம். உங்கள் 1,100 படத்தில் பாதி கொக்காகத்தான் இருக்கும்.

எங்கள் ஊரில் வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்குதான், அதில் தப்பில்லை. ஆனால் வயலில் நிற்பது நான்கு வகை. மிஷின் கதிர் அறுக்கும்போது பின்னாலேயே ஓடுகிற, மாட்டுக் காலடியில் மேய்கிற, கட்டைக் கழுத்துக்காரன் உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, தாடைக்குக் கீழே ரோமம் கொஞ்சம் புடைத்து தாடி மாதிரி தெரியும். இதைப் பழகிவிட்டால் பாதிக் கூட்டத்தைத் தள்ளிவிடலாம். அடுத்து சின்னக்கொக்கு: கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள், ஏதோ மஞ்சள் சாக்ஸ் போட்ட மாதிரி. வாய்க்கால் ஓரத்தில் இது மேய்வதை ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு காலைச் சேற்றில் வைத்து நடுக்குகிறது, அப்படியே கிளறுகிறது, கலங்கின தண்ணீரிலிருந்து குட்டி மீனோ இறாலோ துள்ளும், அலகு போய் வரும். அந்தக் காலை வெளியே எடுக்கும் ஒரு நொடியில்தான் மஞ்சள் விரல் தெரியும். அந்த நொடிக்குத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும். பாதம் தண்ணீருக்குள் இருக்கும்போது எடுத்த இருபது படமும் ஒன்றுதான்.

சிக்கல் மற்ற இரண்டில், பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். இனப்பெருக்கக் காலம் இல்லாதபோது இரண்டுக்கும் மஞ்சள் அலகு, இரண்டுக்கும் கறுத்த கால். உயரத்தை வைத்துப் பிரிப்பேன் என்றால் ஏமாறுவீர்கள், பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாமல் தனியாக நிற்கும் கொக்கு எந்த உயரமாகவும் தெரியும். வாய்ப்பிளவுக் கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பெரிய கொக்கின் கழுத்தில் எலும்பு முறிந்து கூடின மாதிரி ஒரு மடிப்பு வேறு இருக்கும். ஆக, கொக்கைப் படம் எடுத்தால் முகம் பக்கவாட்டில் கூர்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேர் வைக்க முடியாது. அப்புறம் ஒரு எச்சரிக்கை: இனப்பெருக்கக் காலத்தில் பெரிய கொக்கின் அலகு கறுத்துவிடும். ‘கறுப்பு அலகு என்றால் சின்னக்கொக்கு’ என்று மனப்பாடம் செய்துகொண்டு அந்தக் காலத்தில் வந்தால் கதை கந்தலாகிவிடும்.

பள்ளியில் படித்த நாரை விடு தூதுப் பாட்டு ஞாபகம் இருக்கும். வறுமையில் வாடின ஒரு புலவர், கும்பகோணம் பக்கத்துச் சத்திமுத்தத்துக்காரர், நாரையைக் கூப்பிடும்போது அழகு, அன்பு என்றெல்லாம் தொடங்கவில்லை. அலகு பிளந்த பனங்கிழங்கு மாதிரி, நிறம் பவளம், கால் சிவப்பு என்று எடுத்த எடுப்பில் அடையாளத்தைச் சொல்லிவிட்டார். உங்கள் குறிப்பு நோட்டும் அப்படித்தான் இருக்கணும். ‘வெள்ளைப் பறவை, பெரிசு, ரொம்ப அழகு’ என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. அலகு, கால், கண்ணைச் சுற்றி, பறக்கும்போது இறக்கையும் வாலும், அது என்ன செய்துகொண்டிருந்தது. எழுதச் சோம்பலாக இருந்தால் செல்போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் அதைத்தான் செய்கிறேன். கேமராவின் கடிகாரத்தைக் கிளம்புவதற்கு முன் சரியாக வைத்துவிட்டால் பேச்சையும் படத்தையும் நேரத்தை வைத்துச் சேர்த்துவிடலாம்.

இனி சுண்ணாம்புப் பிரச்சினை. கேமரா தன் எதிரே இருப்பது எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சைத் தாளடி வயல், நடுவில் சின்னதாக ஒரு கொக்கு. கேமராவுக்கு முக்கால்வாசி இருட்டாகத் தெரிகிறது, சரி வெளிச்சத்தைக் கூட்டுவோம் என்று கூட்டுகிறது, வயல் அழகாக வரும், கொக்கு வெந்துபோகும். வெந்த வெள்ளையில் இறகு விவரம் எதுவும் பதிவாகியிருக்காது, அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 1இல் வைத்து ஒரு படம் எடுங்கள், திரையில் வெளுத்த இடம் மின்னிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் ஒளிந்திருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள், இன்னும் மின்னினால் இன்னும் குறையுங்கள். வயல் கொஞ்சம் இருண்டால் இருளட்டும். இதிலேயே நேர் எதிரான ஒன்றும் உண்டு: வெளுத்த வானத்தில் பறக்கும் நீர்க்காகத்தை அதே மைனஸ் 1இல் எடுத்தால் கரித்துண்டுதான் கிடைக்கும், அங்கே பிளஸ் 1 போகணும். காலையில் வெளிச்சம் நிலையாக இருக்கும்போது மேனுவலில் கொக்குக்கு ஒருமுறை அளந்து பூட்டிவிடுவது என் வழக்கம். பின்னணி மாறினாலும் கொக்கு மாறாது. ரா ஃபார்மட்டில் (கேமரா திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள், மெமரி கார்டு இப்போது மலிவு.

ஷட்டர் வேகம் நிற்கும் பறவைக்கு 1/800, பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தில் அலகு தெரியும், கலங்கின படத்தில் ஒன்றும் தெரியாது. பறக்கும் படத்துக்குப் பழக வேண்டுமானால் மதகுப் பக்கம் கருப்புவெள்ளை மீன்கொத்தியைத் தேடுங்கள். அது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்துக்கொண்டு நிற்கும், புதுசாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மார்கழி, தைக் காலையில் பனி எட்டு மணிவரை கூட இறங்கும். பனிக்குள் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், நீங்களும் எரிச்சலாவீர்கள், அந்த நேரத்தில் கேமராவைப் பையில் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டே காதை மட்டும் தீட்டுங்கள். சீழ்க்கைச் சிறகி கூட்டமாகப் போவது பனியில் தெரியாது, விசில் மட்டும் தலைக்கு மேலே போகும். பனி விலகி ஒன்பதரை வரைதான் நல்ல வெளிச்சம். ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் காலை வெயில் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில். எதிர்க்கரையில் நின்றால் எல்லாமே நிழலுருவம். சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வடுவூர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி சாலையில் 25 கிலோமீட்டருக்குள்தான். வாத்துகள் தூரத்தில் இருக்கும், உங்கள் லென்ஸுக்கு எட்டாது, பரவாயில்லை, உருவத்தை வைத்தே பிரிக்கலாம். நீண்ட கழுத்தும் கூர்வாலும் ஊசிவால் வாத்து. முன்பாரம் ஏற்றிய வண்டி மாதிரி பெரிய தட்டை அலகைத் தண்ணீரில் சாய்த்துக்கொண்டு போவது ஆண்டி வாத்து. சின்னதாக, ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பிறை மாதிரி வளைந்திருந்தால் நீலச்சிறகி. எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் வாத்தைப் படம் எடுக்காமல் மேலே தேடுங்கள், சேற்றுப் பூனைப்பருந்து எங்காவது இறக்கையை ‘வி’ மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு தாழப் போய்க்கொண்டிருக்கும். பருந்தில் வாலைப் பாருங்கள்: வால் நடுவே பிளவு இருந்தால் கரும்பருந்து, விசிறி மாதிரி வட்டமாக இருந்தால் செம்பருந்து. செம்பருந்துக் குஞ்சு செம்மண் நிறமே இல்லாமல் பழுப்பாகத் திரியும், நிறத்தை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள், வால் பொய் சொல்லாது.

மத்தியானம் சும்மா அறைக்குப் போகாமல் வடுவூரைச் சுற்றி வயல் ரோட்டில் மெதுவாகக் காரில் போங்கள். கார்தான் உங்கள் மறைவிடம். இறங்கிக் கதவைச் சாத்தினால் எல்லாம் பறந்துவிடும், உள்ளேயே இருந்து ஜன்னலில் தானியம் நிரப்பிய ஒரு சின்னப் பையையோ துண்டையோ வைத்து லென்ஸைச் சாய்த்தால் பனங்காடை பத்தடியில் கம்பியில் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை இப்படி மடையான் ஒன்றை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். களை பறித்துவிட்டு வந்த ஒரு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, “ஏன் தம்பி, மடையானையா இவ்வளவு நேரம் புடிக்கிறே, நல்லதா எதுவும் கிடைக்கலையா?” என்றார். மடையில் நிற்பதால் மடையான் என்பது எங்கள் ஊர் விளக்கம், அறிவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறத்தில் இருக்கிறதே தெரியாது, எழும்பினால் இறக்கை பால் வெள்ளை. புதியவர்கள் இதை இரண்டு பறவையாக எழுதிவைப்பார்கள். நானே எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில். ஏரிக்குள் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு வைத்திருக்கும், தையில் பெரிய குஞ்சுகள் இருக்கும். இங்கே தயவுசெய்து கரையை விட்டு இறங்காதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். தாய் எழும்பிப் போன இரண்டு நிமிடத்தில் காக்கை வேலையை முடித்துவிடும், மிரண்ட குஞ்சு கீழே விழுந்தால் அதைத் திரும்ப மேலே ஏற்ற யாரும் இல்லை. பறவை தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் நில்லுங்கள், அது நடக்கத் தொடங்கினால் நீங்கள் பின்வாங்குங்கள், அவ்வளவுதான் விதி. செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்கும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும், நேரம் இருந்தால் போங்கள், படத்துக்காக என்றால் அவசியமில்லை, ஆடுகிற படகில் 300 லென்ஸ் பெரிதாகப் பயன்படாது.

மூன்றாம் நாள் கோடியக்கரை. அதற்கு இரண்டாம் இரவை வேதாரண்யத்தில் தங்குங்கள், தஞ்சாவூரிலிருந்து விடியலுக்குள் கோடியக்கரை போய்ச் சேருவது நடக்காத காரியம். இங்கேதான் உப்பளமும் சதுப்பும், பூநாரைகள் உள்பட. அலகு இளஞ்சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரிய பூநாரை, அழுக்குச் சாம்பலாக நிற்பவை அதன் குஞ்சுகள்தான், வேறு இனம் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் உப்பளத்தின் மேல் கானல் எழும்பும், அப்போது எவ்வளவு விலை லென்ஸாக இருந்தாலும் பூநாரை தண்ணீருக்குள் இருந்து எடுத்த மாதிரி நெளியும். அதனால் சூரியன் ஏறுவதற்குள் தூரத்து வேலையை முடித்துவிட்டு, வெயில் ஏறின பிறகு பக்கத்தில் இருக்கும் சின்ன உள்ளான்களுக்கு வாருங்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து எடுங்கள், நின்றுகொண்டு எடுத்தால் முதுகு மட்டும்தான் கிடைக்கும்.

உள்ளான்கள் யாரையும் அழவைக்கும். வயல், வாய்க்காலில் பார்ப்பவற்றில் மூன்றை முதலில் பழகுங்கள். தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு மாதிரி ஏறியிருந்து, ஓயாமல் வாலை ஆட்டினால் சாதாரண உள்ளான். கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் நீளமாகக் கண்ணைத் தாண்டிப் போய், முதுகில் பொரிப்பொரியாக இருந்தால் பொரி உள்ளான். புருவம் கண்ணோடு நின்று, முதுகு கருத்து, கிளம்பும்போது இடுப்பு பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் கருமுதுகு உள்ளான், மதகுக்கடியில் தனியாக இருக்கும், உங்களைக் கண்டதும் கத்திக்கொண்டே போகும். அதனால்தான் சொல்கிறேன், பறந்துபோகும் படம் கெட்ட படம் என்று அழிக்காதீர்கள், இடுப்பும் இறக்கைப் பட்டையும் அதில்தான் இருக்கும்.

காலில் கலர் கொடியோ வளையமோ தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காலை எடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கோடியக்கரையில் பல காலமாகப் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது, வெளிநாட்டில் போட்ட வளையமும் வரும், எந்தக் காலில் எந்த நிறம், என்ன எழுத்து என்பது அவர்களுக்குத் தங்கம்.

படத்தையும் குரலையும் வைத்துப் பறவையின் பேர் சொல்லும் மெர்லின் செயலியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுத்தால் நன்றாகவே சொல்லும், ஆனால் அது சொல்வது யூகம், தீர்ப்பு இல்லை. குரலில் இன்னும் கவனம்: கரிச்சான், வைரி என்கிற வேட்டைப் பறவை மாதிரியே கத்தி மைனாவை மிரட்டி இரையைப் பிடுங்கும், செயலியும் வைரி என்று எழுதிவிடும், நீங்களும் வானத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். குரல் வந்த கிளையைப் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

கடற்கரைக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றாலே லென்ஸ் முன்னால் உப்பு படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கோடு விழும், முதலில் ஊதி, அப்புறம் லேசாக ஈரத் துணி. ராத்திரி ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும், அரை மணி முன்னாலேயே பையோடு வராண்டாவில் வையுங்கள். ஈரத்துக்கு அரிசி மூட்டையில் புதைப்பது வேண்டாத வேலை, அரிசித் தூசு உள்ளே போகும், சிலிகா ஜெல் பாக்கெட் நாலு போதும்.

இனி உங்கள் மூன்று படம். முதலாவது, வரப்பில் மஞ்சள் அலகோடு நிற்கும் வெள்ளைப் பறவை. உடம்பு வெந்துபோயிருந்தாலும் முகம் தப்பித்திருக்கிறது, வாய்ப்பிளவுக் கோடு கண்ணுக்குப் பின்னால் தெளிவாகப் போகிறது, பெரிய கொக்கு. இரண்டாவது, கருவேலமரத்தில் சாம்பல் படிந்த நாரை, அலகில் இடைவெளி இல்லை என்பதால் ‘வேறு ஏதோ அபூர்வ நாரை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நத்தைகுத்தி நாரையின் குஞ்சுதான் அது. பாக்குவெட்டி மாதிரி அந்த அலகு இடைவெளி வளர வளரத்தான் வரும், குஞ்சுக்கு அலகு மூடியே இருக்கும்.

மூன்றாவதில் உப்பளத்துச் சேற்றில் ஒரு குட்டி உள்ளான், மஞ்சள் கால் என்பதால் டெம்மிங்க் கொசு உள்ளானா என்று கேட்கிறீர்கள். இதே தப்பை 2009இல் இதே உப்பளத்தில் நானும் செய்து, நாலு பேரிடம் பெருமையாகக் காட்டி, ஒரு பெரியவர் படத்தைப் பெரிதாக்கி “தம்பி, இது கால் நிறம் இல்ல, காய்ஞ்ச சேறு” என்று சொன்னபோதுதான் இறங்கினேன். உங்கள் படத்தில் இடது காலில் முட்டிக்கு மேலே ஒரு இடத்தில் சேறு உதிர்ந்து கறுப்பு தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள். சாதாரணக் கொசு உள்ளான். இந்த முறை போனால் அது தண்ணீரில் இறங்கிக் கால் கழுவும்வரை காத்திருங்கள், எப்படியும் பத்து நிமிடத்தில் இறங்கும்.